‘டாக்’ துணையோடு வருகிறது, ‘டிஸ்கஸ்’ தனியாக வருகிறது: ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அலுவலகத்தில் நீங்கள் எழுதிய ஒரு மின்னஞ்சலில் மேலதிகாரி நான்கு இடங்களைச் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்: ‘டிஸ்கஸ்ட் அபவுட்’, ‘ரிக்வெஸ்டெட் ஃபார்’, ‘கோப் அப் வித்’, கடைசியாக ‘த இஷ்யூ ஐ ஆம் வொர்க்கிங் ஆன்’. ‘டாக் அபவுட்’ சரியென்றால் ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் எப்படித் தவறாகும், இதற்கு விதி உண்டா, இல்லை ஆயுள் முழுக்க மனப்பாடம்தானா என்று கேட்கிறீர்கள். எந்த வினைக்குப் பின் ‘அபவுட்’, ‘ஃபார்’ போன்ற எந்தச் சிறுசொல் என்ற பட்டியல் உங்களுக்கு எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்கும். உங்களை உறுத்துவது அதுவல்ல என்று நினைக்கிறேன். அந்தச் சிறுசொல்லை யார் தீர்மானிக்கிறார்கள், நான் சொல்லவரும் பொருளா, அல்லது அந்த வினைச்சொல்லா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு 23 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வி வராத ஆண்டு ஒன்றுகூட இல்லை.

சில இடங்களில் பொருள்தான் தீர்மானிக்கிறது. இதை வகுப்பில் ஒரு சாக்பீஸை வைத்துக் காட்டுவேன். முன்வரிசை மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, ‘த்ரோ டு’ என்று சொல்லிவிட்டு மெதுவாக வீசுவேன். அவன் கையை நீட்டிப் பிடிப்பான். அடுத்து ‘த்ரோ அட்’ என்று சொல்லி, கையைப் பின்னால் இழுத்துக் கண்ணைக் குறிபார்ப்பேன். நான் வீசுவதற்கு முன்பே அவன் குனிந்துவிடுவான். வினை ஒன்றுதான், சாக்பீஸும் ஒன்றுதான். ‘டு’ வந்தால் எதிரில் இருப்பவன் வாங்கிக்கொள்பவன், ‘அட்’ வந்தால் அவன் இலக்கு. தமிழில் ‘அவனிடம் எறிந்தேன்’, ‘அவன்மேல் எறிந்தேன்’ என்று நாமும் இதே வேறுபாட்டைக் காட்டுகிறோம். ‘ஷவுட் டு’ என்றால் தூரத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பது, ‘ஷவுட் அட்’ என்றால் முகத்துக்கு நேரே கோபத்தில் கத்துவது. ‘லுக் அட்’, ‘லாஃப் அட்’, ‘பாயின்ட் அட்’ எல்லாவற்றிலும் பார்வையோ சிரிப்போ விரலோ ஒரு புள்ளியை நோக்கிப் பாய்கிறது. இந்த வகையில் மனப்பாடத்துக்கு வேலை குறைவு. படத்தை மனத்தில் கண்டால் சொல் தானாக வரும்.

வேறு சில இடங்களில் வினைச்சொல் தன் துணையை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டது, நமக்கு அதில் உரிமை இல்லை. ‘டிபெண்ட்’ என்றால் ‘ஆன்’தான். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்குதல் என்று பொருள். தொங்கும் பொருள் ஒன்றிலிருந்துதானே தொங்கும்? ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அப்படியே ‘அதிலிருந்து’ என்ற சாயலுள்ள சொல்லைத்தான் இதே கருத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலம் மட்டும் ‘அதன்மேல்’ என்று வைத்துக்கொண்டது. பக்கத்து மொழிகள் ஒன்று சொல்ல, இந்த மொழி இன்னொன்று சொல்கிறது என்றால், அங்கே வேலை செய்வது தர்க்கம் அல்ல, வழக்கு. இப்படிப்பட்ட இடத்தில் காரணம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்றே மாணவர்களிடம் சொல்கிறேன்.

இதைக் கேட்டவுடன் ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி என்று சலிப்பவர்கள் உண்டு. ஒரு நிமிடம் நம் மொழியைப் பாருங்கள். அவனை அடித்தேன், அவனிடம் சொன்னேன், அவனோடு பேசினேன், அவனுக்கு உதவினேன். அடிப்பதற்கு ‘ஐ’ வந்தது, உதவுவதற்கு ஏன் ‘கு’ வர வேண்டும்? தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ‘அவனை உதவினேன்’ என்றால் நாம் திருத்துவோம். காரணம் கேட்டால் விழிப்போம். ஆங்கிலத்தில் சிறுசொற்கள் செய்யும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் வேற்றுமை உருபுகள் செய்கின்றன, ஒவ்வொரு வினையும் தனக்குரிய உருபைக் கேட்டு வாங்குகிறது. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. ‘சார்தல்’ என்ற வினை உடலால் சாய்வதைக் குறிக்காதபோது, இரண்டாம் வேற்றுமையோடு ஏழாம் வேற்றுமைக்கும் அங்கே உரிமை உண்டு என்பதோடுதான் அந்த இயல் தொடங்குகிறது. அரசரைச் சார்ந்தான், அரசர்கண் (அரசரிடத்தில்) சார்ந்தான் என்று இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்பார்கள் உரையாசிரியர்கள். தூணைச் சார்ந்தான் என்பதில் அந்த உரிமை இல்லை. ‘டிபெண்ட் ஆன்’ என்று நீங்கள் குழம்பும் அதே வினையை எடுத்துக்கொண்டு, அதன் துணை எது, எந்தப் பொருளில் அது மாறும் என்று நம் இலக்கணம் அன்றே யோசித்திருக்கிறது. அதை முதன்முறை கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் உருபுகள் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் இறுதி, வேற்றுமைக்கு ஏற்ப மாறும். ‘ஹெல்ப்’ என்ற வினையின் பழைய வடிவம், நம் ‘உதவு’ போலவே நான்காம் வேற்றுமையை ஏற்றது. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த இறுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. விட்டுப்போன வேலையைச் சொற்களின் வரிசையும் சிறுசொற்களும் ஏற்றுக்கொண்டன. ‘ஹெல்ப்’ உருபை இழந்து, துணையும் இல்லாமல் நேராகப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ‘லிஸன்’ தனக்கு ஒரு ‘டு’வைத் தேடிக்கொண்டது. இதற்கிடையே பிரெஞ்சு வழியாகவும் லத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான வினைகள் தங்கள் பழக்கங்களோடு வந்து சேர்ந்தன. ஒரே வீட்டில் வெவ்வேறு ஊரிலிருந்து வந்த மருமகள்கள் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம்.

அந்தப் பழைய வரலாற்றின் எச்சம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பல வினைகள் சட்டென்று புரியும். ‘உடைய’ என்று நாம் படித்த ‘ஆவ்’ என்ற சொல்லும், ‘அகன்று’ என்று பொருள்படும் ‘ஆஃப்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் ஒன்றே. அழுத்திச் சொன்னது ஆஃப் ஆயிற்று, மெல்லச் சொன்னது ஆவ் ஆயிற்று. ‘ராப் ஹிம் ஆவ் ஹிஸ் மனி’ என்பதில் பணம் அவனைவிட்டு அகல்கிறது. ‘கியூர் ஆவ்’ என்பதில் நோய் அகல்கிறது. ‘டிப்ரைவ் ஆவ்’, ‘கெட் ரிட் ஆவ்’ எல்லாம் அதே குடும்பம். இவற்றில் வரும் ‘ஆவ்’ ‘உடைய’ அல்ல, ‘விட்டு’ என்று சொல்லிக்கொடுத்த பிறகு என் வகுப்பில் இந்தக் குடும்பத்தில் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

இனி உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். ‘டிஸ்கஸ்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு உதறிப் பிரித்தல் என்று பொருள். மூட்டையை உதறினேன் என்போம், மூட்டையைப் பற்றி உதறினேன் என்று சொல்ல மாட்டோம். அந்த வினைக்கு விஷயமே நேரடிச் செயப்படுபொருள். ‘டாக்’ அப்படி அல்ல. அது வாயால் பேசும் செயலை மட்டும் குறிக்கிறது. எதைப் பற்றி என்பதை ‘அபவுட்’ வந்துதான் சொல்ல வேண்டும். அப்படியானால் நமக்குத் தவறு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகளில் வருகிறது என்பது என் அனுபவம். ஒன்று, தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம். மற்றொன்று, இதைவிட வலுவானது: ‘டிஸ்கஷன் அபவுட்’ என்ற பெயர்ச்சொல் வடிவம் முற்றிலும் சரி. அதை நாள்தோறும் கேட்ட காது, வினையோடும் ‘அபவுட்’டை ஒட்டிவிடுகிறது.

இந்த இரண்டாவது வழியை நன்றாகக் கவனியுங்கள். நம் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரே ஓட்டை வழியாக நுழைகிறது. பெயராக இருக்கும்போது துணை வேண்டும், வினையாக மாறினால் துணை உதிர்ந்துவிடும் என்ற பழக்கம் ஆங்கிலத்தில் ஏராளமான சொற்களுக்கு உண்டு. ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி, ஆனால் ‘எம்ஃபசைஸ்’ தனியாக வரும். ‘அட்டாக் ஆன் த டவுன்’ என்பது பெயர், ‘அட்டாக் த டவுன்’ என்பது வினை. ‘விசிட் டு மதுரை’ பெயர், ‘விசிட் மதுரை’ வினை. ‘டிமாண்ட்’, இல்லாமையைக் குறிக்கும் ‘லாக்’, ‘என்ட்ரி’யும் ‘என்டர்’ரும், ‘இன்வெஸ்டிகேஷன்’னும் ‘இன்வெஸ்டிகேட்’டும் எல்லாம் இப்படித்தான். உங்கள் இரண்டாவது சிவப்புக் குறியும் இதே வகை. ‘மேட் எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று எழுதினால் சரி, ‘ரிக்வெஸ்டெட் லீவ்’ என்றாலும் சரி. வினைக்குப் பின்னால் ‘ஃபார்’ வைத்தால்தான் இடிக்கிறது. உணவகத்தில் ‘ஆர்டர்ட் ஃபார் காபி’ என்பதும் இதன் உடன்பிறப்பு. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஹோப்’ பெயராக இருந்தாலும் வினையாக இருந்தாலும் ‘ஃபார்’ரை விடாது. ‘சர்ச்’ என்ற வினைக்குப் பின் ‘ஃபார்’ வந்தால் தேடப்படும் பொருள், வராவிட்டால் தேடும் இடம்: ‘சர்ச் த பேக்’ என்றால் பையைச் சோதிப்பது, ‘சர்ச் ஃபார் த பேக்’ என்றால் காணாமற்போன பையைத் தேடுவது. இது விதி அல்ல, சந்தேகம் வரும்போது நிறுத்தி யோசிக்க ஒரு வழி.

மூன்றாவது, ‘கோப் அப் வித்’. இதில் நடந்தது வேறு. ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’ என்று மூன்று நான்கு தொடர்கள் ஒரே ஓசையில் இருப்பதால், பாவம், ‘கோப்’பும் அந்த வரிசையில் நிறுத்தப்பட்டுவிட்டது. சரியான வடிவம் ‘கோப் வித்’ மட்டுமே. இந்தச் சொல்லின் கதை சுவையானது. பழைய பிரெஞ்சில் அடி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் போரில் எதிர்கொள்வதைக் குறித்தது. பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்ற சொல்லுக்கு ‘எதிராக’ என்று பொருள். ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லிலும், ‘ஃபைட் வித்’ என்ற தொடரிலும் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழிலும் அவனோடு சண்டையிட்டேன் என்றால் அவனுக்கு எதிராகத்தானே? ஆக ‘கோப் வித் த வொர்க்லோட்’ என்று எழுதும்போது வேலைப்பளுவோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். அதில் ‘அப்’புக்கு இடமில்லை.

‘அப்’ போன்ற சொற்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘லுக் அட் த வேர்ட்’ என்பதில் ‘அட்’ பின்னால் வரும் பெயரோடு சேர்ந்தது. ‘லுக் அப் த வேர்ட்’ என்பதில் ‘அப்’ வினையோடு சேர்ந்து, அகராதியில் தேடு என்று ஒரே வினையாகிவிட்டது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பிரித்தறிய எளிய வழி, பெயருக்குப் பதில் ‘இட்’டைப் போட்டுப் பார்ப்பது. ‘லுக் இட் அப்’ என்று நடுவில் வந்து உட்காரும். ‘லுக் இட் அட்’ என்று யாரும் சொல்ல முடியாது, ‘லுக் அட் இட்’தான். ‘புட் இட் ஆஃப்’, ‘டர்ன் இட் டவுன்’ முதல் வகை. ‘வெயிட் ஃபார் இட்’, ‘டிபெண்ட் ஆன் இட்’ இரண்டாம் வகை.

இதுவரை சொன்னது தேவையில்லாமல் சேர்ப்பது. தேவையானதை விட்டுவிடுவதும் நம்மிடம் உண்டு, அதற்குக் காரணம் இன்னும் ஆழமானது. ‘பேனாவால் எழுதுகிறேன்’ என்ற வாக்கியத்தைப் பெயரெச்சமாக்கினால் ‘நான் எழுதும் பேனா’ ஆகிறது. ‘ஆல்’ எங்கே போயிற்று? தமிழ் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. ‘வீட்டில் குடியிருக்கிறேன்’ என்பது ‘நான் குடியிருக்கும் வீடு’ ஆகும்போது ‘இல்’ காணாமற்போகிறது. ஆங்கிலம் விழுங்காது. ‘த பென் ஐ ரைட் வித்’, ‘த ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்று அந்தச் சிறுசொல் கடைசியில் தனியாக நின்றாக வேண்டும். ஒருமுறை தேர்வுத்தாள்களில் இந்த ஒரு பிழையை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டே வந்தேன். நன்றாக எழுதும் பிள்ளைகள்கூட ‘த ஹவுஸ் ஐ லிவ்’ என்று நிறுத்தியிருந்தார்கள். அது கவனக்குறைவு அல்ல, தாய்மொழி கற்றுத்தந்த ஒழுங்கு. அதைத் தெரியாமல் நான் முதல் சில ஆண்டுகள் மதிப்பெண்ணை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தேன். இன்று அந்தப் பெயரெச்சத்தைக் கரும்பலகையில் எழுதி, விழுந்துபோன உருபைத் தேடச் சொல்கிறேன். ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்பதும் விடுபடும் இன்னொன்று. ‘டெல் மீ’, ‘ஷோ மீ’, ‘கிவ் மீ’ எல்லாம் சரி, ஆனால் ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘டிஸ்க்ரைப்’, ‘சஜெஸ்ட்’, ‘டொனேட்’ போன்ற லத்தீன் வழி வினைகள் பெரும்பாலும் ‘டு மீ’ என்றே கேட்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்: ‘ஆஃபர்’, ‘ப்ராமிஸ்’ இரண்டும் லத்தீன் வழி வந்தவையே, அவை ‘மீ’யை நேராக ஏற்றுக்கொள்ளும்.

உறுதியாகச் சரி, தவறு என்று சொல்ல முடியாத இடங்களும் இருக்கின்றன. அங்கே உங்கள் மேலதிகாரி சிவப்பு மையை எடுத்தால் நீங்கள் பணிவாக மறுத்துப் பேசலாம். ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ எங்கும் செல்லும், பிரிட்டனில் ‘டிஃபரன்ட் டு’வும் அமெரிக்காவில் ‘டிஃபரன்ட் தேன்’னும் அன்றாட வழக்கு. பிரிட்டனில் தீர்ப்பை எதிர்த்து ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘அப்பீல் த வெர்டிக்ட்’ என்று துணையில்லாமல் எழுதுவார்கள். ‘ப்ரொடெஸ்ட்’டும் அப்படியே. ‘டிஸ்கஸ் அபவுட்’டைக்கூட முழுப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தியாவில் மட்டுமல்ல, நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் அது காதில் விழும். இவ்வளவு பேர் சொல்லும் ஒன்று நாளை ஏற்கப்படலாம். ஆயினும் விண்ணப்பம், தேர்வு, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் இன்று அது பிழையாகவே எண்ணப்படும், அங்கே தவிர்த்துவிடுங்கள். பேச்சின் நடுவே ஒருவர் அப்படிச் சொன்னால் இடைமறித்துத் திருத்துவதை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூச்சத்தை மீறி முதல்முறை வாய் திறந்த பிள்ளையை அது மறுபடி ஊமையாக்கிவிடும்.

மனப்பாடமா என்று கேட்டீர்கள். ஓரளவு ஆம், ஆனால் பட்டியலாக அல்ல. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இதுதான் முட்டுக்கட்டை என்று முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். வினைக்குப் பொருள் சொன்னால் மட்டும் போதாது, அது எந்தச் சொற்களோடு எந்த அமைப்பில் வரும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று தம் சகாக்களோடு அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று நம் கைகளில் புழங்கும் மாணவர் அகராதிகள் பலவும் அந்த வழியில் வந்தவை. ஆகவே ஒரு வினையைத் தேடும்போது பொருளைப் படித்தவுடன் மூடிவிடாதீர்கள். கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியம்தான் உங்களுக்கு வேண்டியது. அதை உங்கள் வேலைக்கேற்ப மாற்றி, ஒரு முழு வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். ‘இன்சிஸ்ட்’ என்று ஒரு சொல்லாக எழுதாமல் ‘ஹி இன்சிஸ்டெட் ஆன் பேயிங்’ என்று எழுதுங்கள். நானும் இன்றுவரை அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், ஐயம் வரும்போது அகராதியைத்தான் திறக்கிறேன்.

நான்காவது குறி பாக்கி இருக்கிறது. ‘த இஷ்யூ ஐ ஆம் வொர்க்கிங் ஆன்’. வாக்கியத்தைச் சிறுசொல்லில் முடிக்கக்கூடாது என்று உங்கள் மேலதிகாரி அதை அடித்திருக்கிறார். பள்ளியில் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அவர்மேல் குறையில்லை. 1672இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன், தமக்கு முந்திய நாடகாசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியை இதற்காகக் குறைசொன்னார். பிறகு தம் உரைநடையிலேயே அப்படி முடிந்த வாக்கியங்களைத் தேடிப்பிடித்து மாற்றி எழுதினார். அங்கிருந்து அது பள்ளிக்கூடங்களில் விதியாக வேரூன்றிவிட்டது. 1926இல் அகராதித் தொகுப்பாளர் ஃபவுலர், ஆங்கிலச் சொல்வழக்கு பற்றிய தம் நூலில் அதை ஒரு மூடநம்பிக்கை என்றே எழுதினார். ‘நான் வேலை செய்துகொண்டிருக்கும் சிக்கல்’ என்று தமிழில் யோசித்திருந்தால் உருபு விழுந்தது போல அந்த ‘ஆன்’னும் விழுந்திருக்கும், நீங்கள் அதை விடவில்லை. முதல் மூன்று இடங்களையும் திருத்திக்கொள்ளுங்கள். அந்த ‘ஆன்’ இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.